மென்பொருள் நூலகமும் முறைமைப் படிமமும்

மென்பொருள் நூலகம் என்பது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் முன்கூட்டியே எழுதித் தொகுக்கப்பட்ட செயற்கூறுகளின் திரட்டு ஆகும். முறைமைப் படிமம் என்பது ஒரு கணினி முறைமை குறித்த ஒரு கணத்தில் எந்நிலையில் இருந்ததோ, அந்நிலையை முழுமையாக ஒரு கோப்பில் பதிந்துவைத்த நகல் ஆகும். நூலகம் தானாக இயங்குவதில்லை. வேறொரு நிரல் அழைக்கும்போதே அதிலுள்ள செயற்கூறுகள் இயங்குகின்றன. படிமமோ இயங்குதளம், நூலகங்கள், பயன்பாட்டு நிரல்கள், அமைப்புகள், சில வேளைகளில் பயனரின் கோப்புகள் ஆகிய அனைத்தையும் தன்னுள் அடக்கியது. அதை ஒரு கணினியில் மீளப் பதிந்தால் அந்தக் கணினி முந்தைய கணினியைப் போலவே தொடங்கி இயங்கும்.

இவ்விரண்டும் பலரால் குழப்பிக்கொள்ளப்படுவதுண்டு. இரண்டும் கோப்புகளாகவே சேமிக்கப்படுகின்றன. இரண்டும் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கப்படுகின்றன. பேச்சுவழக்கில் "லைப்ரரி போட வேண்டும்", "இமேஜ் போட வேண்டும்" என்று இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்லே வழங்குகிறது. ஆயினும் ஒரு பிழையைத் திருத்தும்போதும், ஒரு கணினியில் தமிழ் சரியாகத் தெரியாதபோதும், பாதுகாப்புக் குறைபாடு ஒன்று வெளிப்படும்போதும் இவ்வேறுபாடு முதன்மை பெறுகிறது.

எடுத்துக்காட்டாக, சென்னையின் மேற்குப் புறநகரில் பூந்தமல்லியை அடுத்துள்ள கரையான்சாவடியில் ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்தில் ஒரே வகையான 30 கணினிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் இயங்குதளத்தை நிறுவி, தமிழ் விசைப்பலகையையும் அலுவலகச் செயலிகளையும் நிரல்மொழிமாற்றியையும் சேர்க்க அரை நாள் ஆகலாம். எனவே ஆய்வகப் பொறுப்பாளர் ஒரு கணினியை மட்டும் முழுமையாக ஆயத்தம் செய்து, அதன் வன்தட்டைப் படிமமாக எடுத்து, எஞ்சிய 29 கணினிகளிலும் பதிந்துவிடுகிறார். அடுத்த வாரம் ஒரு நூலகத்தில் பிழை இருப்பது தெரியவருகிறது. இப்போது அவர் முன் இரு வழிகள் உள்ளன. 30 கணினிகளிலும் அந்த ஒரு நூலகத்தை மட்டும் மாற்றலாம். அல்லது முதற்கணினியைத் திருத்தி மறுபடியும் படிமம் எடுத்து அனைத்திலும் பதியலாம். முதல் வழியில் மாற்றப்படும் கோப்பு சில நூறு கிலோபைட்டுகளே இருக்கும். இரண்டாம் வழியில் பல கிகாபைட்டுகள் நகர்த்தப்பட வேண்டும். மாணவர்கள் அந்த வாரத்தில் சேமித்த கோப்புகளும் அழிந்துபோகும். முதல் வழியைப் பின்பற்றிவிட்டுப் பழைய படிமக் கோப்பை அப்படியே வைத்திருந்தால், ஆறு மாதம் கழித்து ஒரு கணினி பழுதாகி மீளப் பதியப்படும்போது பழைய பிழையும் உடன் திரும்பிவரும்.

பெயர்கள்

ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களின் நேர்ப்பொருளைக் கொண்டே தமிழிலும் நூலகம், படிமம் ஆகிய சொற்கள் ஏற்பட்டன. நூலகத்தை நிரலகம், நிரல் நூலகம் என எழுதுவாரும் உளர். படிமம் என்னும் சொல் ஒளிப்படத்தையும் குறிப்பதால் புதியவர்களுக்கு மயக்கம் தரக்கூடியது. முறைமைப் படிமத்துக்கும் ஒளிப்படக் கோப்புக்கும் தொடர்பில்லை. ஆனால் கண நேரத்து நிலையை உறையவைத்தல் என்னும் கருத்து இரண்டுக்கும் பொதுவானது. கணினி பழுதுபார்ப்போரிடையே படிமம் எடுப்பது நெடுங்காலம் "கோஸ்ட் போடுதல்" என்றே வழங்கியது. நியூசிலாந்தில் 1995இல் உருவாக்கப்பட்டு, 1998இல் சைமன்டெக் நிறுவனத்தால் வாங்கப்பட்ட கோஸ்ட் என்னும் வன்தட்டு நகலாக்க மென்பொருளின் பெயர் இவ்வாறு பொதுப்பெயராயிற்று. நார்ட்டன் கோஸ்ட் 2013இல் நிறுத்தப்பட்டது. தைவானில் உருவான குளோன்சில்லா என்னும் கட்டற்ற மென்பொருள் இதே பணியைச் செய்கிறது.

நூலகம்

இச்சொல் தொடக்கத்தில் உவமையாக அன்றி நேர்ப்பொருளிலேயே வழங்கியது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் 1949ஆம் ஆண்டு மே மாதம் இயங்கத்தொடங்கிய எட்சாக் கணினிக்கு மாரிசு வில்க்சு, டேவிட் வீலர், இசுடான்லி கில் ஆகியோர் துணைநிரல்களை எழுதித் துளையிட்ட காகித நாடாக்களில் பதிந்து அலமாரியில் அடுக்கிவைத்தனர். வர்க்கமூலம் காணவோ விடையை அச்சிடவோ வேண்டியவர், உரிய நாடாவை எடுத்து அதன் உள்ளடக்கத்தைத் தம் நிரல் நாடாவில் படியெடுத்துக்கொண்டு நாடாவைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவார்.

இன்று நிலையான இணைப்பு எனப்படுவது ஏறத்தாழ இதே முறைதான். நிரலை உருவாக்கும்போதே இணைப்பி என்னும் கருவி, நூலகத்திலிருந்து வேண்டிய செயற்கூறுகளைப் படியெடுத்து நிரற்கோப்பினுள் சேர்த்துவிடுகிறது. பின்னர் நூலகம் கணினியில் இல்லாவிட்டாலும் நிரல் இயங்கும். இயங்குநிலை இணைப்பில் அவ்வாறன்றி, இன்ன நூலகத்தின் இன்ன செயற்கூறு வேண்டும் என்னும் குறிப்பு மட்டுமே நிரற்கோப்பில் இருக்கும். நிரல் தொடங்கும்போது இயங்குதளம் அந்நூலகத்தைத் தேடி நினைவகத்தில் ஏற்றி இணைக்கும். விண்டோசில் டி.எல்.எல். என முடியும் கோப்புகளும், க்னூ/லினக்சில் எஸ்.ஓ. என முடியும் கோப்புகளும் இவ்வகையின. நூறு நிரல்கள் ஒரே நூலகத்தைப் பகிர்ந்துகொள்வதால் வன்தட்டிலும் நினைவகத்திலும் இடம் மிச்சமாகிறது. அதனினும் பெரிய பயன், நூலகத்தை ஓரிடத்தில் திருத்தினால் நூறு நிரல்களும் திருந்திவிடும் என்பதே. அதே காரணத்தால் நூலகத்தைக் கெடுத்தால் நூறும் கெடும். 1990களில் விண்டோஸ் பயனர்கள் இதை நன்கறிவர்: புதிதாக நிறுவிய ஒரு விளையாட்டு, பொது டி.எல்.எல். கோப்பொன்றை வேறு பதிப்பால் மாற்றிவிட, தொடர்பில்லாத இன்னொரு மென்பொருள் இயங்க மறுப்பது அன்று வாடிக்கையாக இருந்தது.

நூலகம் என்ன செய்கிறது என்பதைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டே காணலாம். "தமிழ்" என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் எனப் பைத்தான் மொழியில் வினவினால் 5 என விடை வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஒருங்குறியில் ஐந்து குறியெண்களாக அது சேமிக்கப்படுவதே காரணம். தமிழறிந்த எவரும் 3 என்றே கூறுவர். குறியெண்களைச் சேர்த்து எழுத்துகளாகப் பிரிக்கும் விதிகளை ஒவ்வொரு நிரலரும் தாமே எழுதலாம். ஆனால் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு விதியை மறப்பர். ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற பைத்தான் நூலகம் இப்பணியை ஒருமுறை எழுதி எல்லோருக்கும் பொதுவாக வைத்துள்ளது. அந்நூலகத்தை அழைக்கும் நிரலுக்கு 3 என்னும் விடை கிடைக்கும்.

முறைமைப் படிமம்

படிமம் என்னும் சொல் மூன்று சூழல்களில் வழங்குகிறது. முதலாவது, வன்தட்டின் அல்லது அதன் ஒரு பிரிவின் நகல். இரண்டாவது, நிறுவுவதற்காக வெளியிடப்படும் இறுவட்டுப் படிமம்; ஐ.எஸ்.ஓ. கோப்பு எனப் பரவலாக அறியப்படுவது இது. மூன்றாவது, இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரலின் நினைவகத்தை அப்படியே கோப்பாக்குவது. கணினியை உறக்கநிலைக்கு அனுப்பும்போது நினைவகம் முழுவதும் வன்தட்டில் எழுதப்பட்டு, மீண்டும் எழுப்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடர்வது இம்மூன்றாம் வகைக்கு எளிய எடுத்துக்காட்டாகும். மெய்நிகர் கணினிகளின் நிலைப்பதிவு முதலாவதையும் மூன்றாவதையும் கலந்தது.

படிமம் எதையும் ஆராய்ந்து எடுப்பதில்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. வேண்டியதையும் வேண்டாததையும் அது ஒருங்கே நகலெடுக்கிறது. மேற்கண்ட ஆய்வகத்தில் முதற்கணினியில் ஒரு நச்சுநிரல் இருந்திருந்தால் அது 30 கணினிகளுக்கும் சென்றிருக்கும். இதைவிட நுட்பமான சிக்கலும் உண்டு. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தன்மையாக இருக்கவேண்டிய சில எண்கள் நிறுவலின்போது உருவாக்கப்படுகின்றன. க்னூ/லினக்சில் பொறி அடையாள எண், தொலைநுழைவுச் சேவைக்குரிய மறையாக்கச் சாவிகள் ஆகியன அத்தகையவை. படிமத்திலிருந்து பதியப்பட்ட 30 கணினிகளும் ஒரே சாவியைக் கொண்டிருப்பின், ஒன்றைக் கைப்பற்றியவர் மற்ற இருபத்தொன்பதின் வேடத்தையும் எளிதில் தரிக்கலாம். எனவே படிமம் எடுக்குமுன் இவற்றை அழித்து, அடுத்த தொடக்கத்தில் புதிதாக உருவாகுமாறு செய்வது முறை. விண்டோசில் இப்பணிக்கென்றே சிஸ்பிரெப் என்னும் கருவியை மைக்ரோசாப்ட் வழங்குகிறது.

விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ்

நூலகத்துக்கும் படிமத்துக்கும் உள்ள தொடர்பைத் தமிழ்ப் பயனர்கள் தாம் அறியாமலே பல ஆண்டுகள் எதிர்கொண்டனர்.

"கொ" என்னும் எழுத்து ஒருங்குறியில் ககரம், அதன்பின் ஒகரக் குறி என்னும் வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது ஒகரக் குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு ககரத்தின் இடப்புறமும் கால் வலப்புறமும் அமைய வேண்டும். எழுத்துரு மட்டும் இருந்தால் இது நிகழாது. சேமிப்பு வரிசையைக் காட்சி வரிசையாக மாற்றும் நூலகம் ஒன்று வேண்டும். விண்டோசில் இப்பணியைச் செய்தது யுனிஸ்கிரைப் என்னும் நூலகமாகும். தமிழுக்கும் தேவநாகரிக்கும் ஆதரவு விண்டோஸ் 2000 பதிப்பில் முதன்முதலாக வந்தது. லதா எழுத்துருவும் அதனுடன் வந்தது.

இதற்கு முன் வழங்கிய திஸ்கி, 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தாம், தாப் ஆகிய குறியாக்கங்களுக்கு இந்நூலகம் தேவைப்படவில்லை. அவற்றில் கொம்பும் ககரமும் காலும் திரையில் தோன்றும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன. எழுத்துருக் கோப்பு ஒன்றைப் படியெடுத்துப் போட்டாலே போதும். ஒருங்குறிக்கு மாறியபோது சேமிப்பு ஒழுங்கு சீர்பெற்றது; தேடலும் அகரவரிசைப்படுத்தலும் கைகூடின; ஆனால் எழுத்துருவிடம் இருந்த பொறுப்பின் ஒரு பகுதி நூலகத்துக்கு மாறிற்று. ஒருங்குறி எதிர்ப்பாளர்கள் அன்று எழுப்பிய முறையீடுகளில் பல, உண்மையில் குறியாக்கத்தைப் பற்றியவை அல்ல. நூலகம் இல்லாத கணினிகளைப் பற்றியவை.

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவு இயல்பாகச் செயற்படுத்தப்பட்டிருக்கவில்லை. கட்டுப்பாட்டுப் பலகத்தில் வட்டார, மொழித் தெரிவுகளுக்குச் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்குமான கோப்புகளை நிறுவுக என்னும் பெட்டியைத் தெரிவுசெய்து, கேட்கும்போது நிறுவல் இறுவட்டையும் இட வேண்டியிருந்தது. இதைச் செய்யாத கணினியில் தமிழ் வலைப்பக்கங்கள் வெற்றுக் கட்டங்களாகவோ, கொம்பும் காலும் இடம்மாறிய எழுத்துகளாகவோ தெரிந்தன. இணைய உலாவல் மையங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் பயனருக்கு நிருவாகி உரிமை இராது. இறுவட்டும் கையில் இராது. இத்தகைய இடங்களில் தமிழ் தெரியுமா தெரியாதா என்பது, படிமம் எடுக்கப்பட்ட அன்று அந்த ஒரு பெட்டி தெரிவுசெய்யப்பட்டிருந்ததா என்பதைப் பொறுத்தே அமைந்தது. முதற்கணினியில் ஒருமுறை செய்திருந்தால் எல்லாக் கணினியிலும் தமிழ் வந்திருக்கும். 2007இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவில் இவ்வாதரவு இயல்பாகவே இடம்பெற்றது. 2010ஆம் ஆண்டு சூன் மாதம் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் அனைத்து எழுத்துருக் குறியாக்கமான டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தபோதும் அரசு அலுவலகங்கள் பலவற்றில் எக்ஸ்பி கணினிகளே இருந்தன.

க்னூ/லினக்சில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே ஒரே பணிக்குப் பல நூலகங்கள் இருந்தன. நோம் பணிச்சூழலுக்குப் பாங்கோ, கேடியீக்குக் கியூட்டியின் சொந்த நூலகம், ஓப்பன் ஆபிசுக்கு ஐ.சி.யூ. என ஒவ்வொன்றும் தமிழைத் தத்தம் வழியில் கோத்தது. ஒரே கணினியில் உலாவியில் சரியாகத் தெரியும் சொல் அலுவலகச் செயலியில் பிழையாகத் தெரியலாம். பின்னர் ஆர்ப்பசு என்னும் நூலகம் வளர்ச்சியடைந்து, பயர்பாக்சு, குரோம், லிப்ரே ஆபிசு, ஆண்ட்ராய்டு ஆகிய அனைத்திலும் இடம்பெற்றது. இன்று கைப்பேசியில் தமிழ் படிப்போரில் பெரும்பாலோர் இந்த ஒரு நூலகத்தையே சார்ந்துள்ளனர்; அதன் பெயரை அறிந்தோர் சிலரே.

பாஸ் லினக்ஸ்

ஒரு படிமம் எவ்வாறு நூலகங்களிலிருந்து உருவாகிறது என்பதற்குச் சென்னையில் உருவான பாஸ் லினக்ஸ் தக்க எடுத்துக்காட்டாகும். கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005இல் சி-டாக் சென்னை, அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியாக அமைந்தது. இதன் வழியாகச் சி-டாக் உருவாக்கிய பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூசன்ஸ் என்னும் இயங்குதளமே பாஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. இது 2007 சனவரியில் வெளியிடப்பட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான இடைமுகம், உள்ளீட்டு முறைகள், எழுத்துருக்கள் ஆகியன இதில் சேர்க்கப்பட்டுள்ளன.

பாஸ், டெபியன் வழங்கலை அடிப்படையாகக் கொண்டது. டெபியனில் ஒவ்வொரு நூலகமும் நிரலும் தனித்தனிப் பொதியாகக் களஞ்சியத்தில் உள்ளது. இன்ன பொதிக்கு இன்ன நூலகம், இன்ன பதிப்புக்குக் குறையாமல் வேண்டும் என்னும் சார்புக் குறிப்பு ஒவ்வொன்றிலும் உண்டு. பாஸ் உருவாக்குவோர் இவற்றிலிருந்து வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்து, இந்திய மொழிகளுக்குரியவற்றைச் சேர்த்து, அன்றைய நிலையில் ஓர் இறுவட்டுப் படிமமாக வெளியிடுகின்றனர். படிமம் வெளிவந்த மறுநாளும் களஞ்சியம் வளர்ந்துகொண்டே இருக்கும். படிமம் அங்கேயே நின்றுவிடும். நிறுவிய பின் இணையத்தின் வழி மேம்படுத்தினாலன்றி இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அப்போதைய முதலமைச்சர் செ. செயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எல்காட் நிறுவனம் மடிக்கணினிகளைக் கொள்முதல் செய்தது. வழங்கப்பட்ட மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. இலட்சக்கணக்கான கணினிகளில் இயங்குதளத்தைத் தனித்தனியே நிறுவுவது நடவாத செயல்; படிமம் பதிவதன்றி வேறு வழியில்லை. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்சுக்கு மாறுமாறு தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது.

இத்தகைய கணினிகளில் மாணவர்கள் சந்திக்கும் இடர் ஒன்றைக் குறிப்பிடலாம். வீட்டில் புதிய வழங்கலொன்றில் சி மொழியில் எழுதித் தொகுத்த நிரலை ஆய்வகத்தின் பழைய கணினியில் இயக்க முயன்றால், சி நூலகத்தின் இன்ன பதிப்பு காணப்படவில்லை என்னும் செய்தியுடன் நின்றுவிடும். க்னூ சி நூலகம் பழைய நிரல்களுக்கு இடங்கொடுக்கும். பழைய நூலகம் புதிய நிரல்களுக்கு இடங்கொடுக்க இயலாது. புதிய பதிப்பின் நூலகக் கோப்பை மட்டும் படியெடுத்துப் பழைய கணினியில் மேலெழுதும் முயற்சி பெரும்பாலும் கணினியே தொடங்காத நிலையில் முடியும். ஏனெனில் ஏறத்தாழ எல்லா நிரல்களும் அந்த ஒரு நூலகத்தைச் சார்ந்தவை. மூலநிரலைக் கொண்டுசென்று ஆய்வகக் கணினியிலேயே தொகுப்பது எளிய தீர்வாகும்.

நூலகப் பிழையும் உறைந்த படிமமும்

2006 செப்டம்பரில் டெபியனின் ஓப்பன்-எஸ்.எஸ்.எல். பொதியில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. மறையாக்கத்துக்குரிய இந்நூலகத்தில், தொடக்கமளிக்கப்படாத நினைவகத்தைப் பயன்படுத்துவதாக ஓர் ஆய்வுக் கருவி எச்சரித்த வரிகள் நீக்கப்பட்டன. அவற்றுடன் தற்செயல் எண்களுக்கு ஊற்றாக இருந்த பெரும்பாலானவையும் நீங்கிவிட்டன. எஞ்சியது செயலின் அடையாள எண் ஒன்றே. அது 32,768ஐத் தாண்டாது. எனவே குறித்த வகைக் கணினியில், குறித்த நீளத்தில் உருவாக்கக்கூடிய சாவிகள் ஏறத்தாழ அவ்வளவே. அனைத்தையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது ஒரு சாதாரணக் கணினிக்கே எளிது. இப்பிழை 2008 மே 13 அன்று வெளிப்படுத்தப்பட்டது. இடைப்பட்ட இருபது மாதங்களில் டெபியனும் அதிலிருந்து கிளைத்த உபுண்டு போன்ற வழங்கல்களும் இந்நூலகத்துடன் படிமங்களை வெளியிட்டிருந்தன.

நூலகத்தைத் திருத்துவது ஒரு நாள் வேலையாக இருந்தது. ஆனால் நூலகம் திருந்தியதால் அது முன்னர் உருவாக்கிய சாவிகள் திருந்திவிடவில்லை. அவை நூலகத்தில் இல்லை. ஒவ்வொரு கணினியின் நிலையில், அதாவது அதன் படிமத்தில், பதிந்திருந்தன. ஆகவே திருத்தத்துடன் கூடவே, பலவீனமான சாவிகளின் கருப்புப் பட்டியலும் வெளியிடப்பட்டு, அவற்றைக் கண்டறிந்து புதிதாக உருவாக்குமாறு அறிவுறுத்தப்பட்டது. நிரல் வேறு, அந்நிரல் விட்டுச்சென்ற நிலை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான நிகழ்வு கணினி வரலாற்றில் அரிது.

2014 ஏப்ரல் 7 அன்று அதே நூலகத்தில் ஆர்ட்பிளீடு எனப் பெயரிடப்பட்ட வேறொரு பிழை வெளியானது. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையான பதிப்புகள் பாதிக்கப்பட்டிருந்தன. பிழையுள்ள வழங்கிக்குத் தக்கவாறு அமைத்த வேண்டுகோளை அனுப்பினால், ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட்டு வரை அதன் நினைவகத்தைப் படிக்க முடிந்தது. இயங்குநிலை இணைப்பில் நூலகத்தைக் கொண்டிருந்த வழங்கிகள் ஒரு கோப்பை மாற்றி, சேவைகளை மறுதொடக்கம் செய்து, பின்னர் சாவிகளையும் சான்றிதழ்களையும் மாற்றித் தப்பின. பிணையத் திசைவிகள் முதலிய சிறு கருவிகளில் நிலைபொருள் முழுவதும் ஒரே படிமமாக உள்ளதால், பயனரால் நூலகத்தை மட்டும் மாற்ற இயலவில்லை. உற்பத்தியாளர் புதிய படிமம் வெளியிடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய கருவிகள் பலவற்றுக்கு அவ்வாறு எதுவும் வருவதில்லை. ஆண்ட்ராய்டின் 4.1.1 பதிப்பும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று.

2013இல் டாக்கர் வெளிவந்த பின் கொள்கலன் படிமங்கள் பெருகின. ஒரு நிரலையும் அது சார்ந்த நூலகங்களையும் ஒரே படிமமாகக் கட்டி, கருனியை மட்டும் ஓம்புங்கணினியிடமிருந்து பெற்றுக்கொள்வது இதன் முறை. என் கணினியில் இயங்கியது, உங்கள் கணினியில் இயங்கவில்லை என்னும் தீராப் புகாருக்கு இது விடையாக அமைந்தது. மறுபுறம், முன்னர் ஒரு கணினியில் ஓரிடத்தில் இருந்த நூலகம் இப்போது ஐம்பது படிமங்களில் ஐம்பது பதிப்புகளாக இருக்கக்கூடும். 2021 டிசம்பரில் சாவா மொழியின் லாக்4சே நூலகத்தில் மிகக் கடுமையான பிழை வெளிப்பட்டபோது, திருத்துவதைக் காட்டிலும் அந்நூலகம் எங்கெங்கே உள்ளது எனக் கண்டறிவதே நிறுவனங்களுக்குப் பெரும்பாடாயிற்று. அது தொகுப்புக் கோப்புக்குள் தொகுப்புக் கோப்பாக, படிமங்களின் அடியில் பொதிந்திருந்தது. மருந்துப் பெட்டியில் உட்பொருட்கள் அச்சிடப்படுவதுபோல், ஒரு மென்பொருளில் எந்தெந்த நூலகங்கள் எந்தெந்தப் பதிப்பில் உள்ளன என்னும் உறுப்புப் பட்டியலையும் உடன் வழங்க வேண்டும் என்னும் கருத்து இதன்பின் வலுப்பெற்றது. இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பு 2024 அக்டோபரில் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது.

எல்லை மங்கும் இடங்கள்

சில முறைமைகளில் நூலகத்தையும் படிமத்தையும் பிரித்தறிவது கடினம். செராக்சு நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் 1970களில் உருவான இசுமால்டாக் மொழியில் நூலகக் கோப்புகள் எனத் தனியே எவையும் இல்லை. வகுப்புகள், பொருட்கள், திறந்திருக்கும் சாளரங்கள், நிரலர் எழுதிக்கொண்டிருக்கும் நிரல் ஆகிய அனைத்தும் ஒரே படிமத்தில் உயிருடன் உள்ளன. சேமித்து மூடித் திறந்தால் சுட்டி நின்ற இடம் முதலாக எல்லாம் முன்போலவே இருக்கும். 1996இல் தொடங்கிய இசுகுவீக்கு, ஆப்பிள் நிறுவனத்திடமிருந்த இசுமால்டாக்-80 படிமத்திலிருந்தே வளர்க்கப்பட்டது.

ஈமாக்சு உரைத்தொகுப்பியின் வரலாறு இவ்விரண்டுக்கும் இடையிலான உரசலைக் காட்டுவது. ஈமாக்சின் பெரும்பகுதி லிசுப்பு மொழியில் எழுதப்பட்ட நூலகங்களாகும். ஒவ்வொரு முறையும் அவற்றை ஏற்றினால் அக்காலக் கணினிகளில் நெடுநேரம் ஆகும். எனவே உருவாக்கும்போதே ஒருமுறை அனைத்தையும் ஏற்றி, இயங்கும் செயலின் நினைவகத்தை அப்படியே இயங்கு கோப்பாக எழுதிவிடும் உத்தி கையாளப்பட்டது. இந்த உத்தி, நினைவகத்தை ஒதுக்கித்தரும் சி நூலகத்தின் உள்ளமைப்பையும் சேர்த்து உறையவைத்தது. 2016இல் க்னூ சி நூலகத்தின் பராமரிப்பாளர்கள் தம் நினைவக ஒதுக்கீட்டு முறையைச் சீரமைக்க முற்பட்டபோது, ஈமாக்சுக்காகவே விட்டுவைக்கப்பட்டிருந்த செயற்கூறுகள் குறுக்கே நின்றன. நூலகத்தின் உள்ளமைப்பு மாறினால் படிமம் திறவாது. படிமத்துக்காக நூலகம் மாறாதிருக்கவும் இயலாது. நீண்ட விவாதத்தின் பின், நினைவகத்தை அப்படியே எழுதாமல், பொருட்களை ஒவ்வொன்றாக இடம்பெயர்க்கத்தக்க வடிவில் எழுதும் புதிய முறை ஈமாக்சின் 27ஆம் பதிப்பில், 2020இல், இயல்பு முறையாயிற்று.

2012இல் வெளியிடப்பட்ட சூலியா மொழியில் இவ்வுறவு தலைகீழாக உள்ளது. சூலியாவின் அடிப்படை நூலகம் முன்கூட்டியே தொகுக்கப்பட்டு முறைமைப் படிமமாக வைக்கப்படுகிறது. அப்படிமமோ இயங்குநிலை இணைப்பு நூலகக் கோப்பின் வடிவில் சேமிக்கப்படுகிறது. க்னூ/லினக்சில் அதன் கோப்புப் பெயரும் எஸ்.ஓ. என்றே முடியும். பயனர் தாம் அடிக்கடி பயன்படுத்தும் பொதிகளைச் சேர்த்துத் தமக்கெனத் தனிப் படிமம் உருவாக்கிக்கொள்ளலாம். சூலியா விரைவாகத் தொடங்கும். ஆனால் அவ்வாறு படிமத்தில் சேர்த்த ஒரு பொதியை அதன்பின் மேம்படுத்தினால், படிமத்தில் உறைந்துள்ள பழைய பதிப்பே தொடர்ந்து ஏற்றப்படும்; படிமத்தை மறுபடியும் உருவாக்கினாலன்றி மேம்பாடு பயன்தராது.